நாலரைக்கு வில்பிரட் வருகிறான்

கஸ்தூரிக்குப் பொறாமை. மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, பொறாமைதான். ஐம்பத்தேழு வயசில், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன காலத்தில், பொறாமைப்பட ஒரு பொம்பளை அகப்பட்டிருந்தாலாவது சொல்லி அழ நாலு பேர் கிடைத்திருப்பார்கள். அவளுக்கு அகப்பட்டது தங்கவயல் வில்பிரட். அறுபத்தைந்து வயசு ஆம்பளை, ஒரு காலத்தில் பணத்துக்குக் குத்துச்சண்டை போட்டவன், இன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வருகிறான். அவனுக்காக மூன்று மணிக்கே வாணலியை ஏற்றி ரவை வறுத்துக்கொண்டு நிற்கிறாள். ரவை வறுக்கும்போது கையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடியில் பிடித்துக்கொள்ளும். கை பாட்டுக்குக் கிளறுகிறது, மனசு பாட்டுக்கு முந்தாநாள் வந்த போனையே சுற்றிச் சுற்றி வருகிறது. "சிஸ்டர், நான் தங்கவயல் வில்பிரட் பேசறேன். தணிகா எப்படி இருக்கான்?" சிஸ்டராம். எந்த உறவில் சிஸ்டர்? தணிகாவாம். தணிகாசலம் என்று பெற்றவர்கள் வைத்த பேரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட, தாலி கட்டிக்கொண்டு முப்பத்தாறு வருஷமாகக் கூட இருக்கிறவளுக்கே வாய் வந்ததில்லை, என்னங்க, இந்தாங்க, கேட்டீங்களா, இதோடு சரி. இவனுக்கு மட்டும் தணிகா. பெரம்பூர் சர்ச்சில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணமாம், மெட்ராஸ் வரை வந்துவிட்டுத் தணிகாவைப் பார்க்காமல் போனால் மனசு ஆறாதாம். நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டால், வேறு யார், ஓசூரில் இருக்கிற மகள் ஹேமாதான். கம்ப்யூட்டரில் எங்கேயோ தேடி அவனைப் பிடித்திருக்கிறாள். "அப்பாவுக்கு ஞாபகம் திரும்பலாம்மா, பழைய ஆளுங்களைப் பாத்தா நல்லதுன்னு சொல்றாங்க" என்றாள். நல்லதுதான். யாருக்கு நல்லது என்றுதான் கஸ்தூரிக்குத் தெரியவில்லை. முந்திரியை எடுக்க டப்பாவைத் திறந்தாள், எட்டு இருந்தது, நாலை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினாள்.

சமையலறையிலிருந்து பார்த்தால் கூடத்தில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு, பேப்பர் படபடவென்று ஆடுகிறது, ஃபேன் காற்றில் இல்லை, கை நடுக்கத்தில். என்ன உடம்பு அது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையின் கழுத்தைத்தான் பார்த்தார்கள், மாலை சின்னதாகிவிட்டது. இப்போது அந்தக் கழுத்து சட்டைக் காலருக்குள் ஆடுகிறது. காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்தார், மரியாதையாகச் சிரித்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா. நீங்க எந்த வீட்டுல இருந்து வர்றீங்க?" கஸ்தூரி "இந்த வீட்டுலயிருந்துதாங்க" என்றாள். "அப்படியா, நல்லது நல்லது" என்று காப்பியைக் குடித்தார். இதற்கு அழுதுகொண்டிருந்தால் நாள் முழுக்க அழுதுகொண்டே இருக்கலாம், அவள் அழவில்லை, டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். போன மாசம் டாக்டரிடமும் இதே கதைதான். அந்த டாக்டர் பையன் நல்ல பையன், தன்மையாகத்தான் கேட்டான், "இவங்க யாரு சார், சொல்லுங்க பாப்போம்" என்று கஸ்தூரியைக் காட்டினான். அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, பரீட்சையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி யோசித்து, கடைசியில் சொன்னார், "தெரிஞ்சவங்க." முப்பத்தாறு வருஷம், ஒரு பிள்ளைப்பேறு, ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன், அவருக்கு வேலை போன பிறகு பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, எல்லாம் சேர்த்துக் கூட்டிக் கழித்து மிச்சம் தெரிஞ்சவங்க. அடுத்த கேள்வி, "நீங்க பாக்ஸராமே சார், பெரிய ஃபைட் எது?" உடனே நிமிர்ந்தார் பார். குழறுகிற நாக்கு குழறவில்லை. "தங்கவயல் வில்பிரட்டோட போட்டது. மூணு தடவை." ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த கஸ்தூரிக்கு அன்றைக்குத்தான் வயிறு பற்றிக்கொண்டது. இன்னும் அணையவில்லை.

டாக்டர் விளக்கமெல்லாம் சொன்னான். பதினோரு வருஷம், பம்பாய், கல்கத்தா, கொழும்பு, பாங்காக் என்று போய்ப் போய்த் தலையில் வாங்கிய அடி ஒவ்வொன்றும் உள்ளேயே தங்கியிருந்து இப்போது வேலையைக் காட்டுகிறதாம். ஒரே ஒரு பெரிய அடி இல்லையாம், ஆயிரம் சின்ன அடி, அன்றன்றைக்கு ஐஸ் வைத்து மறந்துபோனவை. புதுசாக நடந்தது முதலில் அழியுமாம், பழசு கடைசி வரை நிற்குமாம். சரி, ஒத்துக்கொள்கிறாள், ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, அதை டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை, இந்த ஒரு மாசமாக வாணலியிடமும் துவைக்கிற கல்லிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வில்பிரட்டோடு முதல் சண்டை பெங்களூரில், கல்யாணத்துக்கு முந்தி. அது பழசு, நிற்கட்டும். இரண்டாவது சண்டை கல்யாணமாகி மூன்றாம் மாசம். மூன்றாவது அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்து. அப்படியானால் அவளைவிட அந்த மூன்றாவது சண்டைதானே புதுசு? அது நிற்கிறது, அவள் எப்படி அழிந்தாள்? நான் என்ன நேற்று வந்தவளா என்று நெய்யை ஊற்றினாள், நெய் சுர்ரென்றது. மூன்றாவது சண்டை நடந்த நாள் அவளுக்கும் மறக்காது, மறக்கத்தான் முடியுமா, அன்றைக்குத்தான் ஹேமா பிறந்தாள். இவர் தங்கவயலில். இவள் கோஷா ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் வாங்கி வந்த ஃபிளாஸ்க் வெந்நீரைக் கடன் வாங்கிக் குடித்துக்கொண்டு. மூன்றாம் நாள் வந்தார். இரண்டு கண்ணும் வீங்கி மூடிப் போயிருந்தது. ஜெயித்தவர் அவர்தான், அதுதான் வேடிக்கை, தோற்றவன் எப்படி இருந்திருப்பானோ. குழந்தையைப் பார்க்க முடியவில்லை, விரலால் தடவித் தடவி, "மூக்கு யாரு மாதிரி இருக்கு" என்று கேட்டார். கஸ்தூரி "உங்க பழைய மூக்கு மாதிரி" என்றாள். சிரிக்கப் போய் உதடு பிளந்து ரத்தம் வந்தது. அந்த விரல் குழந்தையின் மூக்கைத் தடவினது அவளுக்கு நேற்றுப் போல இருக்கிறது. அவருக்கு அது இல்லை. அதற்கு மூன்று நாள் முந்தி நடந்த பத்து ரவுண்டும் இருக்கிறது.

தினம் சொல்வார். சாப்பிடும்போது சொல்வார், குளிப்பாட்டும்போது சொல்வார், அவளுக்கே மனப்பாடம். ஒண்ணாவது ரவுண்டு சும்மா பார்த்துக்கிட்டது. ரெண்டுல இடது கையை நீட்டி நீட்டி மூக்கைத் தேடினான். நாலுல விலாவுல ஒண்ணு போட்டேன், ஹக்குனு சத்தம் வந்துச்சு. ஏழுல அவன் புருவம் கிழிஞ்சது. பத்தாவதுல வலது கை, காதுக்கு மேல, நான் கீழே, ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்ப ஒரு சத்தமும் கேக்கல, வில்பிரட் முகம் மட்டும் தெரியுது, அவன் கண்ணாலயே எந்திரி எந்திரின்னு சொல்றான், எட்டுல எந்திரிச்சேன். இந்த இடத்துக்கு வரும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதுதான் கஸ்தூரிக்கு ஆகாது. அந்த வெளிச்சம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை, கல்யாணமான புதுசிலும் கிடைத்ததில்லை. அவள் பார்த்தது அந்த இரண்டாவது சண்டை ஒன்றுதான், மெட்ராஸில், புதுப் பொண்டாட்டியென்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். முதல் அடி விழுந்ததுமே கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம், கண்ணைத் திறந்தாள். கடைசி மணி அடித்ததும் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கட்டிக்கொண்டார்கள். நெற்றியோடு நெற்றி வைத்து, வேர்வையும் ரத்தமும் கலந்து வழிய, ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில். தன்னோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரவே கூச்சப்படுகிற மனுஷன். அன்றைக்கு ராத்திரி "என்ன பேசிச் சிரிச்சீங்க" என்று கேட்டாள், "அது சண்டை விஷயம், உனக்குப் புரியாது" என்று திரும்பிப் படுத்தார். புரியாதுதான். வலது புருவத்து வெட்டு வில்பிரட், சப்பையாகிப்போன மூக்கு வில்பிரட், மழை வந்தால் வலிக்கிற இடது விலா வில்பிரட், இந்த உடம்பில் அவள் எண்ணெய் தேய்த்துவிடுகிற இடமெல்லாம் அவன் முன்னாடியே கைவைத்துவிட்டுப் போன இடமாக இருக்கிறது. அவன் குத்தினான், இவள் தேய்த்தாள், ஞாபகத்தில் நிற்கிறவன் குத்தினவன். தண்ணீர் கொதித்துவிட்டது. ரவையைக் கொட்டிக் கட்டி விழாமல் கிளறினாள்.

சர்க்கரை ஒன்றரை டம்ளர் போட வேண்டும், முக்கால் போட்டுவிட்டு டப்பாவை மூடினாள். என்ன சின்னப் புத்தி இது என்று அவளுக்கே தோன்றாமலில்லை. தோன்றினால் தோன்றட்டும், அவனுக்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும் இருக்கும். அவளுக்குப் பயம் இந்தக் கேசரியில் இல்லை. பயம் ஒன்றே ஒன்றுதான், அதை நேராகச் சொல்லிப் பார்க்கவே நாக்கு வறள்கிறது. கதவு திறந்ததும் இவர் நிமிர்ந்து பார்த்து, வில்பிரட் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்? கஸ்தூரி என்கிற பேர் அந்த வாயிலிருந்து வந்து ஏழு மாசமாகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள், "கஸ்தூரி, எண்ணெய் காயுது பாரு" என்றார், அதுதான் கடைசி, கடைசி என்று தெரிந்திருந்தால் எண்ணெயை எரியவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பாள். அந்த வாய் இன்றைக்கு அவன் பேரைச் சொல்லி, அந்த வெளிச்சம் முகத்தில் வந்து, இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டால், அவள் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது? போன் பண்ணி வராதீர்கள் என்று சொல்லிவிடலாமா? காய்ச்சல், ஆஸ்பத்திரி, யாரோ செத்துவிட்டார்கள், எத்தனை பொய் இல்லை. மணி மூன்றே முக்கால். கூடத்துக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவை, அவரும் வில்பிரட்டும் தோளில் கைபோட்டு நிற்கிறது, கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். சுவரில் சதுரமாக வெள்ளை தெரிந்தது. அந்த இடத்தில் காலண்டரை மாட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆணி சரியா இருக்கா பாருங்க" என்றார், ரொம்ப அக்கறையாக.

இன்னொரு பயமும் இருக்கிறது, ஐந்து மணிப் பயம். தினம் ஐந்து மணிக்கு அவருக்கு உடம்பு தானாக முறுக்கிக்கொள்ளும், அந்தக் காலத்துப் பயிற்சி நேரம். எழுந்து நடப்பார், மூச்சு வாங்கும், சுவரைக் குத்துவார், ஒரு தடவை பீரோக் கண்ணாடி போனது. ஒரு தடவை கஸ்தூரியின் தோளில் பட்டு ஒரு வாரம் கை தூக்க முடியவில்லை, ஹேமாவிடம் மாவுத் தூக்கைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றாள். அப்புறம் ஒரு நாள் எதேச்சையாகத்தான் கண்டுபிடித்தாள். பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்து, சண்டைக்கு முன்னால் கையில் சுற்றுவார்களே அந்த மாதிரிச் சுற்றிவிட்டாள். பெருவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, புறங்கையில் குறுக்கே ஓட்டி, விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் விட்டு வாங்கி, மறுபடி மணிக்கட்டு. அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அவர் கையே சொல்லிக்கொடுத்தது, எந்த இடத்தில் விரலை விரிக்க வேண்டுமோ அங்கே விரித்தது, எங்கே மடக்க வேண்டுமோ மடக்கியது. சுற்றச் சுற்ற மூச்சு அடங்கும், நடுக்கம் நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு "இறுக்குங்க மாஸ்டர்" என்பார். ஆரோக்கியம் மாஸ்டர், அவருக்குப் பயிற்சி கொடுத்தவர், செத்து இருபது வருஷமாகிறது. ஆக அந்த நேரத்திலும் அவள் கஸ்தூரி இல்லை, செத்துப்போன மாஸ்டர். அதுவும் போகட்டும். அந்தக் கட்டு விஷயத்தில் அவருக்குப் பெரிய சட்டம் உண்டு, கல்யாணமான புதுசில் சொல்லியிருக்கிறார். சண்டைக்கு முன்னால் கையில் துணி சுற்றும்போது எதிராளி பக்கத்திலிருந்து ஒருத்தன் வந்து நின்று பார்ப்பானாம், உள்ளே எதையாவது வைத்துக் கட்டுகிறார்களா என்று. பார்க்கலாம், தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். "கட்டறவன் நம்ம ஆளு, பாக்கறவன் அவங்க ஆளு. இது மாறிச்சுன்னா கை போச்சு." பம்பாயில் மாஸ்டர் வர முடியாத ஒரு நாள் அங்கிருந்தவனையே கட்டச் சொல்லிப் பெருவிரல் முறிந்தது, அதிலிருந்து சத்தியம் மாதிரி அந்தச் சட்டம். அதெல்லாம் புத்தி இருந்த காலத்தில். இப்போது யார் துணியை எடுத்தாலும் கையை நீட்டிவிடுவார் என்றுதான் கஸ்தூரி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் அடங்குவது துணிக்கு, அவளுக்கில்லை. நாலரைக்கு வருகிறவன் ஐந்து மணிக்கு இங்கேதான் இருப்பான். அவன் சுற்றினால் அவள் சுற்றுவதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும். நாளையிலிருந்து அவள் சுற்றுவதும் செல்லாது.

புடவையை மாற்றிக்கொண்டாள். மாம்பழக் கலர், ஹேமா எடுத்துக் கொடுத்தது. எதற்கு மாற்றுகிறோம் என்று நடுவில் தோன்றியது. யாரோடு போட்டிக்கு? கண்ணாடி இல்லாத பீரோ, சமையலறை எவர்சில்வர் மூடியில் முகத்தைப் பார்த்துப் பொட்டை நடுவுக்கு நகர்த்தினாள். நாலு இருபத்தைந்துக்கே வாசல் மணி அடித்தது. பெரம்பூர் ரயில்கூட இவனுக்குச் சீக்கிரம் ஓடுகிறது.

கதவைத் திறந்தவளுக்கு முதலில் ஏமாற்றம்தான். போட்டோவில் இருந்தவனைத் தேடினாள், அவனைக் காணோம். சுருங்கி, தோள் இறங்கி, காதில் மெஷின் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக் கோட்டோடு ஒரு சின்ன மனுஷன், ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் கேக் டப்பா. டப்பா நடுங்கியது. அவனுக்கும் அதே நடுக்கம், அதே தாளம். "வாங்க" என்றாள். வாய் தானாக அவனுக்கு மரியாதை கொடுத்தது, மனசு கொடுக்கவில்லை. "சிஸ்டர், நீங்க அப்படியே இருக்கீங்க" என்றார் வில்பிரட். பொய் என்று தெரிந்தும் கொஞ்சம் நன்றாக இருந்தது. வில்பிரட் கூடத்துக்குள் போனார். கஸ்தூரி கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார், பார்த்தார். "தணிகா, நான்டா" என்றார் வில்பிரட், குரல் உடைந்தது. இவர் மரியாதையாகச் சிரித்தார், காலையில் காப்பிக்குச் சிரித்த அதே சிரிப்பு. "வாங்க சார், உக்காருங்க. வெயில் ஜாஸ்தியா?"

பேர் வரவில்லை. கஸ்தூரிக்கு முதலில் வந்தது சந்தோஷம், சும்மா சொல்லக்கூடாது, உள்ளங்கால்வரை ஜில்லென்று இறங்கிய சந்தோஷம். உனக்கும் அதுதான், எனக்கும் அதுதான், நீ ஒன்றும் உசத்தியில்லை. சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தே விட்டாள். சிரித்த கையோடு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்தபோது வில்பிரட் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே இவர் அந்த மூன்றாவது சண்டையை, அந்த ஆளிடமே, யாரோ ஊர்க்காரனுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். "ஏழாவது ரவுண்டுல அவன் புருவம் கிழிஞ்சது சார். நல்ல பையன். இப்ப எங்க இருக்கானோ." வில்பிரட்டின் புருவத்தில் அந்தத் தழும்பு வெள்ளையாக, அங்கேயே இருக்கிறது. "இருப்பான், எங்கயாவது நல்லாத்தான் இருப்பான்" என்றார் வில்பிரட். கேசரியை வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கு சிஸ்டர்" என்றார். முக்கால் டம்ளர் சர்க்கரை, நன்றாக இருக்கிறதாம். அப்புறம் தாழ்ந்த குரலில், "என் ஒய்ஃப் ரீட்டா, போன வருஷம் தவறிட்டா. அவ இருந்தா இவனைப் பாக்கப் போறேன்னாலே சண்டை பிடிப்பா. தூக்கத்துல தணிகா தணிகான்னு கத்தறேனாம். இத்தனை வருஷத்துல என் பேரை ஒரு தடவை கத்தியிருக்கியா, அவனையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமேம்பா" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தங்கவயலில் ஒருத்தி, இதே முப்பது நாற்பது வருஷம், அவன் விலாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இவர் பேரைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு தடவை பார்த்திருந்தால் எவ்வளவு பேசியிருக்கலாம். செத்துப்போனவள்மேல் திடீரென்று ஆசையாக இருந்தது.

ஐந்து மணி. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், அவர் எழுந்துவிட்டார். நடை, திரும்பல், நடை, மூச்சு ஏறிக்கொண்டே போனது, கை இரண்டும் மடங்கியது. கஸ்தூரி அலமாரியிலிருந்து துணிச் சுருளை எடுத்தாள், எடுக்கிற அவசரத்தில் ஒன்று உருண்டு வில்பிரட்டின் காலடியில் போய் நின்றது. வில்பிரட் குனிந்து எடுத்தார். எடுத்ததும் அந்த நடுங்குகிற கை நடுங்கவில்லை. ஒரே உதறலில் சுருள் பிரிந்தது, பெருவிரலுக்கான வளையம் தானாக விழுந்தது, அவள் கிழித்துப் பிடித்துப் பழகின ஒரு வருஷத்தில் அப்படி ஒரு தரமும் விழுந்ததில்லை. முடிந்தது என்று நினைத்தாள் கஸ்தூரி. "குடு தணிகா" என்றார் வில்பிரட். இவர் கையைப் பிடித்தார்.

தணிகாசலம் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். ஒரு அடி பின்னால் போனார். இடது கை முகத்துக்கு முன்னால் ஏறியது, வலது கை தாடைக்குக் கீழே. கண் சுருங்கி வில்பிரட்டைப் பார்த்தது. அந்தக் கண்ணை கஸ்தூரி இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், மெட்ராஸில், முன்வரிசையிலிருந்து. "தொடாத" என்றார். நாக்கு குழறவில்லை. "நீ அவங்க ஆளு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு. பாக்கறதுன்னா பாரு." அப்புறம் கஸ்தூரி பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார், விரலை விரித்து. "கட்டறது நம்ம ஆளு."

வில்பிரட் துணியை கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். சட்டம் தெரிந்தவர். அடையாளம் தெரிந்துதான் இவர் அப்படிச் சொன்னாரா, வீட்டுக்குள் புதுசாக வருகிற யாராக இருந்தாலும் எதிராளிதானா, அது கஸ்தூரிக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். நம்ம ஆளு. கஸ்தூரி இல்லை, பொண்டாட்டி இல்லை, மாஸ்டர்கூட இல்லை. நம்ம ஆளு. பெருவிரலில் வளையத்தை மாட்டினாள். மணிக்கட்டில் ஒன்று, இரண்டு, மூன்று. புறங்கையில் குறுக்கே. அவர் விரல்கள் விரிய வேண்டிய இடத்தில் விரிந்தன. மூச்சு இறங்கியது. அவர் தலையை அவள் காதுப்பக்கமாகச் சாய்த்தார், அவர் நெற்றி அவள் நெற்றியில் முட்டியது, அங்கேயே இருந்தது. வில்பிரட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார், "அங்க நிக்கறாரே, அவர் யாரு? எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

பேர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் போதும், அந்த வெளிச்சம் வரும், எட்டு எண்ணுவதற்குள் எழுந்த வெளிச்சம், மூன்று கஜ தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அதற்காகத்தான் அந்த மனுஷன் தங்கவயலிலிருந்து வந்து நிற்கிறார். போவதற்குள் சொல்லிவிடலாம். அவருக்குத் திரும்பிப் போக ரயில் ஏழு மணிக்குத்தான். கேசரியை மறுபடி அடுப்பில் ஏற்றி இன்னும் முக்கால் டம்ளர் சர்க்கரையும் போட்டுவிடலாம். இந்த ஒரு கட்டு மட்டும் முடியட்டும்.

"தெரிஞ்சவங்கதான்" என்றாள் கஸ்தூரி. துணியின் நுனியைச் சொருகி இறுக்கினாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த கையை நீட்டினார்.